கூசுதுன்னு வர்றவன் கூசாமப் பொய் சொல்லுவான்

டாக்டரம்மா, கொஞ்சம் இப்படி வா. அந்த ஏத்தி எறக்குற நாற்காலியில நான் உக்கார மாட்டேன். அதுல சாஞ்சவன் எவனும் பர்சு கனம் கொறையாம எழுந்திரிச்சதா கேள்வியில்ல. எனக்கு இந்த வெளி பெஞ்சு போதும்.

போர்டைப் பாத்தேன். சிவப்பு எழுத்து, கீழ முப்பத்திரண்டையும் காட்டிக்கினு ஒரு வெள்ளைக்காரி. பாகூர் கடைத்தெருவுல அப்படி ஒரு வாயை நான் பாத்ததில்ல. போகட்டும், ஆசைக்கு ஒரு படம். அஞ்சு வருஷம் படிச்சிட்டு வந்திருக்க. ஆனா இந்த ஊருக்குப் படிப்பு புதுசு இல்ல, கண்ணு. ஒன்பதாம் நூத்தாண்டுலயே, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துல, இங்க இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூணு ஊரை எழுதி வச்சிக் கொடுத்த செப்பேடு இருக்கு. நீ நேத்து வந்தவ. பல்லைப் பத்தி அந்த வித்யாஸ்தானத்துல விட்டுப்போன பாடத்தை இந்த பெஞ்சுல உக்காந்து நான் நடத்துறேன், கேட்டுக்கோ.

கூசுறதுக்கே வாயில பல்லு இல்லாத கெழவன் பல் கூச்சத்தைப் பத்திப் பேசலாமான்னு நீ சிரிக்கற. பேசலாம். எனக்கு இதுல ஆதாயமும் இல்ல, சேதாரமும் இல்ல.

நீ கதவைத் தொறந்த நாள்லேருந்து பேப்பர் படிக்கிறாப்ல இங்க உக்காந்துக்கினு காதை மட்டும் உள்ள அனுப்பி வச்சிருக்கேன். வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு ‘பல்லு கூசுது’ன்னுதான் வராங்க. நீ உடனே ‘வாயைத் தொறங்க’ன்ற. சரி, தொறக்கச் சொல்லு. ஆனா மொதல்ல பேசறதுக்குத் தொறக்கச் சொல்லு. டார்ச்சும் கண்ணாடியும் எங்கயும் ஓடிப்போகாது.

முன்னெல்லாம் ‘பல்லு நோவுது’ன்னு வருவான், இன்னா வியாதின்னு வைத்தியரு சொல்லுவாரு. இப்ப டி.வி.யில வெள்ளைக்கோட்டு போட்டவன் ஒருத்தன் வந்து, ஐஸ்கிரீமைக் கடிச்சி மூஞ்சியைச் சுளிக்கிற பொண்ணைக் காட்டி ஊருக்கே பாடம் எடுத்துட்டான். சேலியமேட்டுல களை எடுக்குற பொம்பள கூட ‘எனக்கு சென்சிட்டிவிட்டி டாக்டர்’ன்னு தீர்ப்போடதான் உள்ள நுழையறா. சொத்தைப் பல்லுக்கும் அந்தப் பேருதான், விரிசல் விட்ட பல்லுக்கும் அந்தப் பேருதான், ஈறுல சீழ் வச்சதுக்கும் அதே பேருதான். நீயும் ‘அப்படியாம்மா’ன்னு ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தேன்னு வையி, டி.வி.க்காரனுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்? அவன் கோட்டு உன் கோட்டை விட வெளுப்பு, அவ்வளவுதான்.

உன் புத்தகத்துலேருந்து நீயே ஒருநாள் எனக்குப் படிச்சிக் காட்டுன. சுருக்குன்னு வரணும், சட்டுனு போயிடணும். குளிரோ, காத்தோ, இனிப்போ, புளிப்போ, பிரஷ்ஷோ ஏதாச்சும் தொட்டாத்தான் வரணும். சும்மா கெடக்கும்போது வரக்கூடாது. இதுக்கெல்லாம் மேல, வேற எந்தக் கோளாறாலயும் வந்ததா இருக்கக் கூடாது. 2003-ல கனடாவுல பல் மருத்துவருங்க கூடி எழுதுன வழிகாட்டியிலயும் இதைத்தான் அழுத்திச் சொல்லியிருக்காங்க: மத்ததையெல்லாம் ஒவ்வொண்ணா தள்ளிட்டு, கடைசியில மிஞ்சினாத்தான் கூச்சம்னு பேரு வைக்கணும். நீ படிக்கும்போது அந்தக் கடைசி வரிக்கு மார்க்கு இருந்திருக்கும். இங்க அந்த வரிதான் உனக்கு சோறு போடும்.

அந்தச் சுருக்கு எங்கேருந்து வருதுன்றது உன்னை விட எனக்கு நல்லா வெளங்கும். நான் பொறந்ததே வாய்க்கால் ஓரம். சொர்ணாவூர் அணைக்கட்டுலேருந்து பங்காரு வாய்க்கால் பெண்ணையாத்துத் தண்ணியைக் கொண்டாந்து பாகூர் ஏரியில விடுது. ஏரிக்கு மதகு, மதகுக்குக் கீழ வாய்க்கால், அப்பால கிளை வாய்க்கால், கடைசியில வயக்காரன். எவனாச்சும் ராத்திரியில மதகுப் பலகையை நவுத்துனா கடைமடைக்காரன் படுத்த பாயிலேருந்தே கத்துவான். தண்ணி அசைஞ்சது அவனுக்குத் தெரிஞ்சிடும். பல்லுலயும் அதே கூத்துதான். மேல எனாமல்னு கெட்டியா ஒரு கரை. உள்ள டென்டின். அதுல ஒரு சதுர மில்லிமீட்டர் எடத்துக்குள்ள பல்லாயிரக் கணக்குல நுண்ணுக் கால்வாய்ங்க, ஒவ்வொண்ணுலயும் தண்ணி. கடைமடையில குந்திக்கினு இருக்கிறவன் நரம்பு. கரை தேஞ்சியோ ஈறு எறங்கியோ கால்வாய் வாயெல்லாம் வெளிய தெரிஞ்சிட்டா, குளிர் காத்து பட்டதும் உள்ள இருக்கிற தண்ணி சரசரன்னு நவுருது. நரம்பு கத்துது. பல்லு மரத்தாலயா கல்லாலயா செஞ்சதுன்னு எல்லாரும் சண்டை போட்டுக்கினு இருந்தப்ப, உள்ள தண்ணி ஓடுதுன்னு 1960-கள்ல சோதனை செஞ்சி காட்டுனவரு ஸ்வீடன்காரரு மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம். அவரு பாகூர் வந்திருந்தா சோதனையே தேவைப்பட்டிருக்காது, மதகாண்ட ஒரு ராத்திரி படுத்திருந்தா போதும்.

இன்னொரு சங்கதி. ஈறு எறங்கி வேர் தெரியற பல்லு எல்லாமும் கூசுறதில்ல. ஒருத்தனுக்குப் பாதி வேர் வெளிய நிக்கும், ஐஸைக் கறுக்கு முறுக்குன்னு கடிப்பான். இன்னொருத்தனுக்கு நகக்கண் அளவுதான் தெரியும், மார்கழிக் காத்துல வாயைத் தொறக்க மாட்டான். 1987-ல அப்ஸி, அடி, ஆடம்ஸ்னு மூணு பேரு மைக்ராஸ்கோப்புல வச்சிப் பாத்தாங்க. கூசுற பல்லுல தொறந்து கெடக்குற கால்வாய்ங்க கூசாத பல்லை விட எட்டு மடங்கு, ஒவ்வொண்ணோட அகலமும் ரெண்டு மடங்கு. ரெண்டு மடங்குதானேன்னு நெனைக்காத. குழாயோட அகலம் ரெண்டு மடங்கு ஆனா தண்ணி ஓடுறது பதினாறு மடங்கு ஆகும். இதைக் கணக்கு போட்டவரு 1840-கள்ல ஒரு பிரெஞ்சு வைத்தியரு. பள்ளிக்கூடப் புத்தகத்துல பாய்சொய்னு போட்டிருக்கான். பிரெஞ்சு பென்ஷன் வாங்குற நம்ம தெரு சொல்தா கிட்டப் போயி அப்படிச் சொல்லிடாத, ‘புவாஸேய்’னு வாயைக் கோணிக்கினு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாரு.

ஆக, வேர் தெரியுதுன்னதும் அதுதான் குத்தவாளின்னு முடிவு கட்டாத. ஊதிப் பாரு.

உன் கையில காத்தும் தண்ணியும் அடிக்கிற பீச்சான் இருக்கே, அதுல காத்தை மட்டும் விடு. ஒரு விரக்கடை தூரத்துலேருந்து ஒரே ஒரு நொடி. பக்கத்துப் பல்லுங்களை விரலால மறைச்சிக்கோ, இல்லாட்டி எவன் கத்துறான்னு தெரியாது. இதுக்கு ஷிஃப்னு ஒருத்தரு சுழியத்துலேருந்து மூணு வரைக்கும் மார்க்கு வச்சிருக்காரு. அதை நம்ம ஊருக்கு மாத்தித் தரேன், எழுதிக்கோ. சுழியம்: ஆளு ஃபேனைப் பாத்துக்கினு படுத்திருப்பான். ஒண்ணு: புருவம் மட்டும் ஏறும், ‘பரவால்ல டாக்டர்’ம்பான். ரெண்டு: தலையைத் திருப்பிக்குவான், கையைத் தட்டி விடுவான். மூணு: உன் தாத்தா பேரைச் சொல்லித் திட்டுவான், அதாவது என்னை. இந்த மார்க்கைச் சீட்டுல எழுதி வச்சிக்கோ. மருந்து போட்டு அப்பால மறுபடி ஊதினாத்தான் கொறைஞ்சிதா இல்லையான்னு தெரியும். ‘இப்ப எப்படிப்பா இருக்கு?’ன்னு வாயால கேட்டா, உன் மூஞ்சி வாடிடுமேன்னு ‘நல்லா இருக்கும்மா’ன்னுட்டுப் போவான். நம்ம ஜனங்க மரியாதை தெரிஞ்சவங்க.

நம்ம ஜனங்க பொய்யும் தெரிஞ்சவங்க. போன வாரம் ஒரு பையன் வந்தான் பாரு, கன்னியக்கோயில் பக்கம், மோட்டார் சைக்கிள்ல சாவியைச் சுத்திக்கினே. ‘கீழ வலது பக்கம் கூசுது டாக்டர், ஐஸ் வாட்டர் குடிக்க முடியல.’ நீ எல்லாப் பல்லையும் ஊதிப் பாத்த. ஒண்ணும் சத்தம் இல்ல. எக்ஸ்ரே எடுத்த, அதுலயும் ஒண்ணும் இல்ல. நீ பேஸ்ட் எழுதக் கையெடுத்த நேரம் நான் இங்கேருந்து இருமுனேன், ஞாபகம் இருக்கா? சளி இல்ல அது. ‘தம்பி, கறி எலும்பு கடிச்சா எப்படி இருக்கு?’ன்னு கேட்டேன். ‘கடிக்கும்போது ஒண்ணும் இல்ல தாத்தா, விடும்போதுதான் சுள்ளுங்குது’ன்னான். பஞ்சு உருட்டி அந்தப் பல்லு மேல வச்சி நறுக்குன்னு கடிக்கச் சொன்ன. கடிச்சான், சும்மா இருந்தான். வாயைத் தொறந்தான், துள்ளுனான். ஒரு மேட்டுல வச்சாத் துள்ளுறான், பக்கத்து மேட்டுல வச்சா இல்ல. விரிசல்.

அது எப்படி வந்துச்சின்னு கேட்ட. ‘தெரியல டாக்டர், பட்டாணி கடிச்சேன்’ன்னான். புதுச்சேரியில பொறந்து வளந்த பையன் பட்டாணி கடிச்சிப் பல்லை உடைச்சானாம்! பீர் பாட்டில் மூடியைப் பல்லால தொறக்குறதுல அவன்தான் அந்தப் பக்கத்துக்கே பேர் வாங்குனவன்னு எனக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியல. தமிழ்நாட்டுலேருந்து சனி ஞாயிறு வர்ற கும்பலு கூட சாவிக்கொத்துல ஓப்பனர் மாட்டிக்கினு வருது. இவன் உள்ளூர்க்காரன்னு பல்லை நம்புறான். அந்தப் பல்லுக்கு நீ எந்தப் பேஸ்ட் எழுதியிருந்தாலும் ஆறு மாசத்துல ரெண்டா பொளந்துக்கினு வந்து நின்னிருப்பான். அப்ப ‘டாக்டரம்மா பேஸ்ட் போட்டுத்தான் பல்லு உடைஞ்சிது’ன்னு கடைத்தெரு முழுக்க நோட்டீசு ஓடியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சதால மேல ஒரு தொப்பி போட்டுக் காப்பாத்தற. இருமலுக்கு நான் பீஸு கேக்கலை.

இன்னொரு ஜாதி இருக்கு, அதைப் பாத்தா பேச்சுக்கே எடம் இல்ல. ஐஸ் தண்ணி குடிச்சாக் கூசுதுன்னு வர்றவன் வேற, கையில ஐஸ் தண்ணி பாட்டிலோடயே வர்றவன் வேற. ரெண்டாமவன் வாய்க்குள்ள ஒரு மடக்கு தண்ணியை ஒதுக்கிக்கினே உக்காந்திருப்பான். முழுங்குனா வலி, மறுபடி ஒரு மடக்கு. டீ குடிச்சா ராத்திரி முழுக்க விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், குளுந்த தண்ணி பட்டாத்தான் அடங்கும். அது கூச்சம் இல்லம்மா, உள்ள இருக்கிற நரம்பே செத்துக்கினு இருக்கு. அவனை நாற்காலியில ஏத்தி வேர் சிகிச்சையை ஆரம்பிச்சிடு. நடுவுல ஒரு ஜாதி: ஐஸு பட்டா வலிக்கும், ஐஸை எடுத்தப்பறமும் ரொம்ப நேரம் நிக்கும், படுத்தா கூடும், எந்தப் பல்லுன்னே காட்டத் தெரியாம காதையும் கன்னத்தையும் காட்டுவான். அதையும் கூச்சக் கணக்குல எழுதாத. வலி வந்ததைக் கேக்காத, போக எவ்வளவு நேரம் ஆச்சின்னு கேளு.

சளி புடிச்சி மேல் பல்லு நாலஞ்சும் ஒண்ணா நோவுறவனைக் குனியச் சொல்லு. குனிஞ்சா கன்னம் கனக்குதுன்னா அவனைப் பக்கத்து டாக்டர் கிட்ட அனுப்பிடு. கல்யாணத்துக்குப் பல்லை வெளுக்க வச்சிக்கினு வந்து நிக்குற மாப்பிள்ளைக்கு நாலஞ்சு நாள்ல தன்னால அடங்கும். பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி ஐஸ்கிரீம் எடுக்காம இருந்தாச் சரி.

இதெல்லாம் தள்ளி மிஞ்சினவன்தான் நெசமான கூச்சக்காரன். அவன் எப்படி இருப்பான்னு உனக்கு ஒரு ஆளைக் காட்டுறேன். வில்லியனூர் பக்கத்துலேருந்து வந்தாரே, சுடுமண் வேலை செய்யற பெரியவரு. குதிரை பொம்மை, யானை பொம்மை எல்லாம் கையால தேச்சித் தேச்சி மினுக்குறவரு. அதே கை, அதே தேய்ப்பு, காலையில பல்லுக்கும். சூளைச் செங்கல்லை இடிச்சி, துணியில சலிச்சி, ஆள்காட்டி விரல்ல தொட்டுக்கினு முப்பது நாப்பது வருஷமா தேய்க்கிறாரு. பல்லைப் பாரு, முத்து கணக்கா பளபளன்னு இருக்கு. உதட்டை ஒதுக்கிப் பாத்தா ஈறு ஓரத்துல, கோரைப் பல்லுலயும் அதுக்கு அடுத்த ரெண்டு கடவாய்ப் பல்லுலயும், கோடாலி போட்டாப்ல ஒரு வெட்டு. எடது பக்கம் ஆழம் கூடுதல். ஏன் எடது? வலது கைக்காரரு. தேய்ப்பு அங்கதான் அழுந்தி விழும். எனாமல் அந்தக் கழுத்துலதான் ரொம்ப மெலிசு. பத்துல ஒரு பல்லுல எனாமலும் வேர் மேல இருக்கிற சிமென்டமும் ஒண்ணை ஒண்ணு தொடுறதே இல்லன்னு உங்க பாடத்துலயே இருக்கு. அந்த இடுக்குல போயி செங்கல்லை வச்சித் தேச்சா?

நீ காத்தை விட்ட, அவரு நாற்காலியிலேருந்து அரை அடி எழும்புனாரு. அதுக்குப் பேரு கூச்சம்.

உடனே பிரஷ் பிடிக்கிறவங்க எல்லாம் யோக்கியம்னு எண்ணாத. பிரஷ்ஷை ரம்பம் மாதிரி இழுக்குறவங்கதான் இப்ப கூடுதல். ‘ஹார்டு’ன்னு எழுதியிருக்கிறதைத் தேடி வாங்குவான், அதுதான் அழுக்கை எடுக்குமாம். பிரஷ்ஷு முடி மூணு மாசம் தாங்கலைன்னா பல்லு எத்தினி வருஷம் தாங்கும்? அவனைப் பிரஷ்ஷைக் கையோட எடுத்தாரச் சொல்லு. முடியெல்லாம் ரெண்டு பக்கமும் படுத்துக் கெடந்தா அவன் வாயைப் பாக்கவே வேணாம். அப்பறம் இந்த ஆலும் வேலும் பழமொழியைச் சொல்லிக்கினு வர்றவரு ஒருத்தரு இருப்பாரு. அவருகிட்ட வாதாடாத, ‘நுனியை நல்லா மென்னு பஞ்சாக்கிட்டுத் தேய்ங்க, குச்சியால ஈறை நோண்டாதீங்க’ன்னு மட்டும் சொல்லு. பழமொழியும் பொழைச்சிக்கும், ஈறும் பொழைச்சிக்கும்.

தேய்ச்சித் தேஞ்சது ஒரு கணக்குன்னா, கரைஞ்சி தேஞ்சது இன்னொரு கணக்கு. யூட்டியூபு பாத்து எடை கொறைக்கிற மகராசிங்க காலையில வெறும் வயித்துல வெந்நீருல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சி, சொட்டுச் சொட்டா உறிஞ்சிக் குடிச்சிட்டு, நேரா போயிப் பல்லைத் தேய்க்குதுங்க. அமிலக் கணக்குல 5.5-க்குக் கீழ எறங்குனாலே எனாமல் கரைய ஆரம்பிக்குமாம். எலுமிச்சஞ்சாறு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது. இளகிப் போன கரையில மம்மட்டியை வச்சி இழுக்குறாப்ல, அந்த நேரத்துல பிரஷ்ஷு. வில்லியனூர் தேருக்குப் போயிட்டு வெயில்ல கலர் கலரா குடிச்சிட்டு வர்ற பிள்ளைங்களுக்கும் இதேதான். குடிக்காதன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. குடிச்சதும் வெறும் தண்ணியில வாயைக் கொப்புளி, அரை மணி முக்கா மணி கழிச்சிப் பல்லு தேய்ன்னு சொல்லு. எலுமிச்சையால எடை கொறைஞ்சிதான்னு மட்டும் அந்த அம்மாகிட்ட கேட்டுடாத.

இங்கதான் உனக்குச் சங்கடமான எடம் வருது. அமிலம் வெளியேருந்து மட்டும் வர்றதில்ல. மேல் முன்பல்லுங்களோட உள்பக்கத்தைக் கண்ணாடியில பாரு. அங்க வழவழன்னு கரைஞ்சிருந்தா, வயித்துலேருந்து மேல வந்தது. மசக்கைக்காரியா இருந்தா அவளே சொல்லிடுவா. ஒரு டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் ஆப்பசோடா போட்டு வாயைக் கொப்புளிக்கச் சொல்லு, வாந்தி எடுத்த கையோட பிரஷ்ஷைத் தொடாதன்னு சொல்லு. நெஞ்செரிச்சல்காரனும் சொல்லிடுவான். ராத்திரி குடிச்சிட்டு விடியக்காலம் வாந்தி எடுக்குறவன் சொல்ல மாட்டான். அதுவும் பொஞ்சாதி பக்கத்துல நின்னா, ‘சரக்கா? வாடையே ஆகாது டாக்டர்’ம்பான். அந்தம்மாவை ‘வெளிய பெஞ்சுல தாத்தாகிட்ட உக்காருங்க’ன்னு அனுப்பு. அவ என்கிட்ட மொத்தத்தையும் கொட்டுற நேரத்துல அவன் உன்கிட்ட பாதியைச் சொல்லியிருப்பான். ரெண்டையும் கூட்டினா கேஸ் ஷீட்டு ரெடி.

கன்னத்துல புகையிலை ஒதுக்குறவன் கதையும் இதான். எந்தப் பக்கம் ஒதுக்குறான்னு கேக்க வேணாம், எந்தப் பக்கம் ஈறு எறங்கியிருக்குன்னு பாத்தாப் போதும். அந்தப் பக்கக் கன்னத்துல வெள்ளைப் படலம் இருந்தா கூச்சத்தை விட்டுட்டு அதைப் பாரு.

இப்ப உன் தலையிலயே விழுற பழி. ‘டாக்டரம்மா கிளீன் பண்ணாங்க, அன்னிலேருந்து கூசுது, பல்லும் ஆடுது.’ இதை நீ சாகுற வரைக்கும் கேப்ப. வருஷக் கணக்குல காரை புடிச்சி வேரை மூடிக்கினு கெடந்துச்சி. நீ காரையை எடுத்த, வேர் வெளிச்சத்தைப் பாத்துச்சி, ரெண்டு மூணு நாளு கூசும், சிலருக்கு ஒரு வாரம் கூசும், அப்பால அடங்கும். இது உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நீ வேலையை முடிச்சிட்டுச் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னயே சொல்லிடு: ‘ஐயா, இதை எடுத்தா கொஞ்ச நாளு கூசும், ஆனா எடுக்கலைன்னா ஈறு போயிடும்.’ அப்ப கூசுனா ‘டாக்டரம்மா சொன்னது சரியா நடந்துச்சி’ன்னு உனக்குப் பேரு. நம்ம ஊருல ஜோசியக்காரன் பொழைக்கிற வழியும் அதுதான்.

மருந்துக்கு வருவோம். 1961-ல அமெரிக்காவுல பிளாக் டிரக்னு ஒரு கம்பெனி ஸ்ட்ரான்ஷியம் உப்பு போட்டு சென்சோடைன்னு ஒரு பேஸ்ட் கொண்டாந்துச்சி. 1974-ல ஹோடோஷ்னு ஒரு டாக்டரு பொட்டாசியம் நைட்ரேட்டைப் பத்தி எழுதுனாரு. அதுக்கு நம்ம பேரு வெடியுப்பு. திருவிழா வாணத்துல போடுறமே, அதேதான்! வானத்துல வெடிச்சிச் சத்தம் போடுறது வாயில போனா நரம்பை வாயை மூடிக்கினு இருக்க வைக்குது, பாத்தியா. பேஸ்ட்டுல நூத்துக்கு அஞ்சு பங்குதான் இருக்கும். இதை யாருகிட்டயும் வெளக்கமா சொல்லிடாத. நாளைக்கே எவனாச்சும் வாணக்காரன் வூட்டுல போயி ஒரு பொட்டலம் வாங்கிப் பல்லுல அப்பிக்கினு வருவான். வேற சில பேஸ்ட்டுங்க நரம்பை விட்டுட்டு கால்வாய் வாயை அடைக்கிற வேலையைப் பாக்கும்: ஆர்ஜினைனும் சுண்ணாம்புச் சத்தும் சேத்தது, ஸ்டேனஸ் ஃபுளூரைடு போட்டது, கண்ணாடித் துகள் மாதிரி கால்சியம் கலந்தது. எதை எழுதுறன்றதை விட எப்படிச் சொல்லி எழுதுறன்றதுதான் விசேஷம்.

ஏன்னா, நம்மாளு ரெண்டு நாளு தேய்ப்பான். மூணாம் நாளு ‘இது தண்டம்’ன்னு குழாயைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துடுவான். வெடியுப்புக்கு நாலு வாரம் ஆகும், சிலருக்கு எட்டு வாரம் கூட. நாத்து நட்ட மறுநாளு கதிர் அறுக்கப் போறவன் எவனும் பாகூர்ல இல்ல, பேஸ்ட்டுன்னா மட்டும் அவசரம். இதைச் சொல்லு. அப்பறம், கூசுற எடத்துல ஒரு பயறு அளவு விரலால தடவிட்டு அப்படியே விடச் சொல்லு. தேய்ச்சி முடிச்சதும் சொம்பு சொம்பா தண்ணியை ஊத்திக் கொப்புளிச்சா போட்ட மருந்து வாசல் வாய்க்காலுக்குத்தான் போகும். துப்புனா போதும். கிராம்புத் தைலத்தை ஈறுல ஊத்திப் புண்ணாக்கிக்கினு வர்றவனையும், மெடிக்கல்ல கேட்டு அஞ்சு நாளு ஆன்டிபயாடிக் முழுங்கிட்டு வர்றவனையும் ஒரே தட்டுல வை. கூச்சத்துக்கு ரெண்டும் பிரயோசனம் இல்ல.

பேஸ்ட்டுக்கு அடங்கலைன்னா உன் கை வேலை. மொதல்ல ஃபுளூரைடு வார்னிஷ் பூசு. பூசுன அன்னிக்கு ராத்திரி வரைக்கும் சூடாவும் முறுக்கு சீடையும் வேணாம்னு சொல்லி அனுப்பு. இல்லன்னா கால்வாய்க்குள்ள இருக்கிற சத்தை உறைய வச்சி அடைக்கிற மருந்து இருக்கு, ஈறுல படாம வையி. சுடுமண் பெரியவரு மாதிரி ஆழமா வெட்டு விழுந்திருந்தா பூச்செல்லாம் வேலைக்காகாது. சிமென்ட்டோ கம்போசிட்டோ வச்சி அடைச்சிடு. ஆனா செங்கல் பொடியை நிறுத்தாம அடைச்சேன்னா உன் சிமென்ட்டையும் சேத்துத் தேய்ச்சிடுவாரு. அவருகிட்ட ‘பொம்மை சுட்ட பெறகு மணல் போட்டுத் தேய்ப்பீங்களா?’ன்னு நான் கேட்டேன். கொஞ்ச நேரம் மொறைச்சிட்டுப் போனாரு. மறுநாளு மெதுவான பிரஷ் எந்தக் கடையில கெடைக்கும்னு விசாரிச்சாருன்னு கேள்வி.

ஒரு சங்கதியை உன் காதுல மட்டும் போடுறேன். கூச்சத்துக்கு மருந்து சோதனை செஞ்ச பல எடத்துல, மருந்தே இல்லாத வெறும் பேஸ்ட்டைத் தேய்ச்ச கூட்டத்துக்கும் கணிசமா கொறைஞ்சிருக்கு. டாக்டரு கவனிக்கிறாருன்ற நெனப்பு பாதி வேலையைப் பாத்துடுது. அதனால மூலநாதர் கோயில் விபூதியை வச்சதும் கூச்சம் போச்சின்னு ஒருத்தி வந்து சொன்னா, சிரிச்சிடாத. ‘விபூதியையும் வையிங்கம்மா, பேஸ்ட்டையும் போடுங்க’ன்னு சொல்லு. குணமானா சாமிக்குப் பேரு, உனக்குப் பீஸு.

எங்க தெரு ஜனத்துக்கு இதுல எதுலயும் பொறுமை கெடையாது. இந்த பெஞ்சுல குந்தியிருக்கிறவங்ககிட்ட ஓட்டு எடுத்துப் பாரு, இந்தியாவோட சேரலாமான்னு 1954-ல கீழூர்ல எடுத்தாங்களே, 170-க்கு 8, அந்தக் கணக்குல ‘புடுங்கிடு’ ஜெயிக்கும். காசுள்ளவன் வேற மாதிரி. ‘என் மச்சானுக்கு ரூட் கெனால் போட்டாங்க, எனக்கும் போடு’ம்பான். ஏதோ ஊரு முறை, மொய் வைக்கிறாப்ல. நல்ல உயிரோட இருக்கிற நரம்பைக் கூச்சத்துக்காக எடுக்குறது கடைசிக் கடைசி வழி. எல்லாத்தையும் செஞ்சி பாத்தும் ராத்திரி தூக்கம் இல்லன்னாத்தான். ஈறை மேல இழுத்துத் தைக்கிறது, லேசர் வைக்கிறது எல்லாம் உன் ரெண்டு ரூமு கடையில ஆகாது. அதுக்கு வெட்கப்படாம பிள்ளையார்குப்பமோ, அரியூரோ, கோரிமேடோ, பஸ்ஸு எது வசதியோ அந்தப் பல் காலேஜுக்கு அனுப்பு. ஒரு சீட்டுல நீ பாத்ததையெல்லாம் எழுதிக் கொடு, அந்த ஷிஃப் மார்க்கு உட்பட. அனுப்பிட்டா ஆளு போயிடுவானோன்னு பயப்படாத. போயி வரிசையில நின்னுட்டு வந்தவன் உன்னை இன்னும் பெருசா பேசுவான்.

நாலு வாரம் கழிச்சி வரச் சொல்லு. பாதிப் பேரு வர மாட்டான். வரலைன்னா சரியாயிடுச்சின்னு நோட்டுல எழுதிடாத. தீபாவளிக்கு அப்பறம் பல்லு ஆடுதுன்னு வேற எதுக்காச்சும் வருவான். ‘அந்தக் கூச்சம் இன்னா ஆச்சி?’ன்னு கேட்டா, ‘அதெல்லாம் அப்பவே போச்சிம்மா, உங்க கைராசி’ன்னு கூசாம சொல்லுவான். நீ பூரிச்சிப் போகாம கண்ணாடியை வச்சி ரெண்டு பக்கமும் பாரு. மெல்லுற பக்கம் சோறும் கீரையும் உரசி உரசிப் பல்லு சுத்தமா இருக்கும். மெல்லாம விட்ட பக்கம் காரை மண்டிக் கெடக்கும். காரை எடது பக்கம் மட்டும் மண்டியிருந்தா, பீச்சானைக் கையில எடுக்கறதுக்கு முன்ன மெதுவா கேளு: ‘ஐயா, இந்தப் பக்கத்துக்கு லீவு விட்டு எத்தினி மாசம் ஆச்சி?’